காற்றுப்படகும் கைத்தூண்டிலும்: வாசகர் கேள்வி பதில்

கடைகளில் ரப்பர் படகு என்ற பெயரில் விற்கப்படும் சிறிய காற்றடைத்த படகில் கடலுக்குச் சென்று, தூண்டிலில் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பொதுவான ஐயங்களை எழுப்பிய கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விடைகள் தமிழ்நாட்டுக் கரையை, அதிலும் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஏரியிலும் அணையிலும் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். மூன்று மீட்டர் நீளமுள்ள ரப்பர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். கடலில் மீன் பிடிப்பதற்கு முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– மதுரை வாசகர்

காற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அணையில் காற்று உங்களைத் தள்ளினால் எதிர்க்கரையில் ஒதுங்குவீர்கள்; கடலில் ஒதுங்குவதற்கு எதிர்க்கரை கிடையாது. மரப்படகின் அடிப்பகுதி நீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கும். காற்றடைத்த படகோ நீரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீர் அதைப் பிடித்து நிறுத்துவது குறைவு, காற்று அதைப் பிடித்துத் தள்ளுவது அதிகம். அமைதியான நீரில் துடுப்பு வலித்து மணிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் போகக்கூடிய ஒருவர், 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது முழு வலுவோடு வலித்தாலும் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். கை ஓய்ந்ததும் பின்னால் போகத் தொடங்குவார்.

ஆகவே படகை இறக்குமுன் கரையில் நின்று, காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது என்று பாருங்கள். கடலிலிருந்து கரைக்கு வீசினால் அலை எழும், நனைவீர்கள், ஆனால் எது பழுதானாலும் கரைக்கே வந்து சேர்வீர்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில் கரையோர நீர் எண்ணெய் தடவியதுபோல் தட்டையாகக் கிடக்கும். புதியவரை ஏமாற்றுவது இந்தத் தட்டை நீர்தான். அலை எழுவதற்குக் காற்று நீர்ப்பரப்பின் மேல் சிறிது தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லாததால் அலை தெரிவதில்லை, காற்று மட்டும் இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பும்போதுதான் அது முகத்தில் அறையும்.

மண்டபம், பாம்பன் பகுதி மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல்களைச் சொல்வார்கள். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று வீசும்போது பாக் விரிகுடாவாகிய வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவத்துக் காற்றுகளான கச்சானும் சோழகமும் வீசும்போது தென்கடல் எழும்பி, வடகடல் அடங்கும். அந்தந்தப் பருவத்தில் அடங்கியிருக்கும் கடலுக்குத் தங்கள் வள்ளங்களை மாற்றிக்கொண்டு தொழில் செய்வது அவர்கள் வழக்கம். இதைக் கேட்டுவிட்டு, "அடங்கியிருக்கும் கடல் எதுவோ அதுவே நமக்கும்" என்று ரப்பர் படகுக்காரர் முடிவு செய்துவிடக் கூடாது. ஆனி மாதத்தில் வடகடல் அடங்கியிருப்பதற்குக் காரணம், காற்று தெற்கிலிருந்து நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுவது. கனத்த உடலும் வலுவான எஞ்சினும் உள்ள வள்ளம் அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்பிவிடும். உங்கள் படகு திரும்பாது. மார்கழியில் தென்கடலுக்கும் இதே கணக்குத்தான். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் காற்று ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களே கற்றுக்கொள்வதற்கு ஏற்றவை.

ஒரு நாளுக்குள்ளும் காற்று மாறும். இரவிலும் விடியலிலும் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறியபின், பெரும்பாலும் முற்பகல் முடியும் வேளையில், கடற்காற்று கரையை நோக்கித் தொடங்கி மாலைவரை வலுக்கும். விடிந்தபின் இறங்கி, கடற்காற்று எழும்போது கரைக்கு வந்துவிடுவது நல்ல பழக்கம். ஐதராபாத்தில் இயங்கும் இன்காயிஸ் நிறுவனம் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டி அறிவிக்கிறது; இந்திய வானிலை ஆய்வுத் துறை மீனவர்களுக்கென்று தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்று அறிவித்திருந்தால் கற்றுக்கொள்பவர் இறங்க வேண்டாம். அறிவிப்பு எதுவாயினும், கடலில் வெள்ளை நுரை பூத்த அலைகள் கண்ணில் பட்டால் படகைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

துடுப்பு முறிந்தோ எஞ்சின் நின்றோ காற்று உங்களை வெளியே தள்ளினால், முதல் வேலையாக நங்கூரத்தைப் போடுங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. 50 மீட்டர் கயிறும் இரண்டு மீட்டர் சங்கிலியும் கோத்த சிறிய நங்கூரம் உங்களை அங்கேயே நிறுத்திவிடும். உதவிக்கு வருபவர் தேட வேண்டிய பரப்பும் சிறிதாகிவிடும். நங்கூரக் கயிற்றை எப்போதும் படகின் முன்முனையாகிய அணியத்தில்தான் கட்ட வேண்டும். எஞ்சின் பொருத்தும் பின்பக்கப் பலகை தாழ்வானது. அங்கே கட்டினால் ஒவ்வோர் அலையும் படகுக்குள் ஏறும்.

சென்னையில் வசிக்கிறேன். வீட்டுக்கு அருகில் உள்ள நீலாங்கரைக் கடற்கரையிலிருந்தே படகை இறக்கிப் பழகலாமா?
– சென்னை வாசகர்

வேண்டாம். சென்னையிலிருந்து தெற்கே நீளும் திறந்த கரையில், அமைதியான நாளிலும் அலை கரையை ஒட்டி உடைகிறது. உடைகிற அலை ரப்பர் படகின் அணியத்தைத் தூக்கி, உள்ளே இருப்பவரோடு பின்புறமாகக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்த படகும் எஞ்சினும் உங்கள் மேல் விழும். அந்த ஊர் மீனவர்கள் அலைகளின் இடைவெளியைப் பார்த்து, ஒரு கூட்டம் அடங்கிய நொடியில் படகைத் தள்ளி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சிறுவயது முதல் கடலோடு வளர்ந்தவர்களின் கண்ணும் காலும் சேர்ந்து செய்யும் வேலை.

கழிமுகத்தில் அலை இல்லையே என்று அங்கே இறக்குபவர்களும் உண்டு. நீர் வடிந்து கடலுக்குள் போகும் வேளையில், உள்ளிருந்து வரும் நீரோட்டமும் வெளியிலிருந்து வரும் அலையும் முகத்துவாரத்தில் மோதிக்கொள்வதால், அங்கே எழும் அலை செங்குத்தாக இருக்கும். நீரோட்டமோ உங்களை அதற்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உள்ளூர்க் காற்றே இல்லாத நாளிலும், தொலைதூரத் தெற்குக் கடலில் பிறந்த நெடிய அலைகள் திடீரென்று கரையேறுவது உண்டு. கள்ளக்கடல் என்பது இதற்கு வழங்கும் பெயர். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இத்தகைய அலை எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். இன்காயிஸ் அறிவிப்பில் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள்.

தேவிபட்டினம், தொண்டி, மண்டபத்தின் வடகரை போன்ற பாக் விரிகுடாக் கரைகளில், நான் மேலே சொன்ன மாதங்களில் அலை மிகச் சிறியது. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்தே போகலாம். சென்னையிலிருந்து அது நீண்ட பயணம்தான். ஆயினும் முதல் பாடத்தை அங்கேதான் படிக்க வேண்டும். படகை இடுப்பளவு நீருக்குத் தள்ளிச்சென்று, வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறிப் பாருங்கள். காற்றுக்குழாய் தடித்தது, நனைந்தால் வழுக்குவது. உயிர்காப்பு அங்கி மார்பில் தடுக்க, கால் ஊன்றத் தரையில்லாமல், வெறும் கைவலுவால் அதன் மேல் ஏற முடியாமல் திணறுபவர்களே அதிகம். பக்கக் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, நீருக்குள் இரண்டடி ஆழத்தில் தொங்கும்படி ஒரு கண்ணி போட்டுவைத்தால், அதில் காலை வைத்து எழும்பி உள்ளே விழலாம். அந்தக் கண்ணியில் கால் தானாகப் போய் நுழையும்வரை பழகிய பின்பே ஆழத்துக்குப் போங்கள்.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கும் ரப்பர் படகு கிடைக்கிறது. அதே நீளத்தில் பல மடங்கு விலைக்கும் கிடைக்கிறது. என்ன வேறுபாடு? எஞ்சின் அவசியமா?
– திருச்சி வாசகர்

விலை குறைந்தது குளத்தில் விளையாடுவதற்குரிய வினைல் தாளால் செய்த படகு. கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கடலுக்குரிய படகின் துணியில், பாலியெஸ்டர் நெசவின் இருபுறமும் பிவிசி பூசியிருப்பார்கள், பொதுவாக 0.9 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஹைப்பலான் எனப்படும் செயற்கை ரப்பர் துணி வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம். காற்றுக்குழாய் ஒன்றாக இல்லாமல் குறைந்தது மூன்று தனி அறைகளாகப் பிரிந்திருக்க வேண்டும். ஓர் அறை காற்றிழந்தாலும் மற்றவை உங்களைத் தாங்கும். பின்பக்கப் பலகையில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஐஎஸ்ஓ 6185 என்ற தர எண்ணும், எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்ற விவரமும் இருக்கும். ஐரோப்பிய வகைப்பாட்டில் டி என்று குறித்த படகு ஏரிக்கும் அடங்கிய உள்நீருக்கும் உரியது. கரையோரக் கடலுக்கு சி என்று குறித்ததை வாங்குங்கள். தகட்டில் நான்கு பேர் என்றிருந்தால் மீன்பிடிக்க இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்பெட்டியும் நங்கூரமும் தூண்டிலும் ஏறியபின் மூன்றாமவருக்குக் காலை நீட்ட இடமிருக்காது.

காற்று அடைப்பதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குழாய்களுக்குப் பொதுவாக 0.25 பார் அழுத்தம் வைக்கச் சொல்வார்கள். வெயிலில் உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடேறினால், அதே காற்று 0.33 பாரை நெருங்கும். ஒட்டுகள் பிரிவது இப்படித்தான். மாறாக, மணலில் சூடாக இருக்கும்போது அளவாக அடைத்த படகு, நீரில் இறங்கிக் குளிர்ந்ததும் தொய்ந்துவிடும். ஆகவே நீரில் இறக்கிச் சிறிது நேரம் விட்டு, மறுபடி அளந்து, குறைந்ததை நிரப்புங்கள். கரையேற்றி வெயிலில் போட்டால் உடனே கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

எஞ்சின் உதவும், ஆனால் துடுப்பில் திரும்பி வரக்கூடிய தூரத்துக்குள் மீன்பிடித்துப் பழகிய பின்பே அதை வாங்கலாம். மூன்று மீட்டர் படகுக்கு 2.5 முதல் 5 குதிரைத்திறன் போதும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு உங்கள் மணிக்கட்டிலோ முழங்காலிலோ மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் விழுந்தபின் ஆளில்லாமல் ஓடும் படகு உங்களையே சுற்றி வரும். எஞ்சின் இருந்தாலும் துடுப்பு படகில் இருந்தே ஆக வேண்டும்.

முதல் மீனாக எதைப் பிடிக்க முயலலாம்? தூண்டில் எப்படிக் கட்டுவது?
– காரைக்குடி வாசகி

கிழங்கான். கரையோர மணற்தரையில், ஒன்று முதல் மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில் கூட்டமாக மேயும் மீன் இது. பெரும்பாலும் ஒரு சாண் நீளம், முள் குறைவு, நஞ்சில்லை, படகைக் கிழிக்கும் பல்லில்லை, குழம்புக்கும் வறுவலுக்கும் மிக ருசியானது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் நம் கரையில் இல்லை என்பது என் எண்ணம்.

கோலும் சுருளும் இல்லாமல் கைத்தூண்டிலே போதும்; சிறிய படகில் நீண்ட கோல் இடைஞ்சல்தான். 0.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள தூண்டில் நரம்பை 50 மீட்டர் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். நுனியில் 30 முதல் 50 கிராம் வரையுள்ள ஈயக்குண்டைக் கட்டி, அதற்கு ஒரு சாண் மேலே ஒன்றும், இன்னொரு முழம் மேலே மற்றொன்றுமாக, நான்கு விரல் நீளமுள்ள கிளைநரம்புகளில் இரண்டு சிறிய தூண்டில்முட்களைத் தொங்கவிடுங்கள். கிழங்கானின் வாய் சிறியது. முள் பெரிதானால் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். இரைக்குச் சந்தையில் கிடைக்கும் சிறிய இறாலே போதும். ஓட்டை உரித்து, சதையைச் சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கி, முள்ளின் வளைவு மறையும்படி கோத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். கணவாய்த் துண்டு முள்ளில் நெடுநேரம் நிற்கும். ஆனால் கிழங்கான் இறாலையும் மணற்புழுவையும்தான் அதிகம் விரும்பும்.

நரம்பை விரலிடையில் ஓடவிட்டால், குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தளர்வது தெரியும். தளர்வைச் சுருட்டி, ஆள்காட்டி விரலின் மேல் நரம்பை வைத்துக்கொண்டு, காற்று மிக மெல்லியதாக இருந்தால் படகைத் தானாக நகரவிடுங்கள். குண்டு மணலில் இழுபடும்போது எழும் சிறு கலங்கல் மீனை அழைத்து வரும். தரை மணலா பாறையா என்பதை விரலே சொல்லும்: மணலில் ஒரே சீராக உரசும், கடலடிப் பாறையாகிய பாரில் தட்டித்தட்டிச் சிக்கும், கடற்புல்லில் மெத்தென்று இழுத்துப் பிடிக்கும். கிழங்கான் கடித்தால் விரைவாக இரண்டு தட்டு தட்டும். அப்போது வெடுக்கென்று இழுக்க வேண்டாம். அதன் வாய் மென்மையானது, கிழிந்துவிடும். மணிக்கட்டை மட்டும் உயர்த்தி, நிற்காமல் சீராகச் சுற்றி எடுங்கள். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் இருக்கும்; நங்கூரம் போட்டு அங்கேயே நில்லுங்கள்.

அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளக் குமரிக்கடல் தூண்டில் மீனவர்கள் கையாளும் கணிச்சம் என்ற முறையைப் பழகிக்கொள்ளுங்கள். கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளங்கள், எடுத்துக்காட்டாக ஒரு பனையும் அதற்குப் பின்னுள்ள கோயில் கோபுரமும், ஒரே கோட்டில் வருவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு திசையில் இன்னோர் இணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் புள்ளியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். செல்பேசியில் ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நங்கூரம் பிடிப்பு விட்டு நழுவினால், பனை கோபுரத்தை விட்டு விலகுவது தலையை நிமிர்த்திய உடனே தெரிந்துவிடும். ஈரக்கையால் செல்பேசியை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

பிடித்த மீனை ஐஸும் கொஞ்சம் கடல்நீரும் கலந்த பெட்டியில் உடனே போடுங்கள். விரல் நீளமுள்ள குஞ்சுகளைக் கடலிலேயே விட்டுவிடுங்கள். கடற்புல் விளிம்பில் ஓராவும் விளமீனும் பிடிப்பது அடுத்த நிலை. பாரை, ஊளி போன்ற வலிய மீன்களை ஓடும் படகிலிருந்து பிடிப்பதற்குக் கையும் படகும் நன்றாகப் பழக வேண்டும். ஊளியின் பல் நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

மீன்முள்ளோ தூண்டில்முள்ளோ குத்திப் படகு வெடித்துவிடாதா?
– திண்டுக்கல் வாசகர்

நெசவுத் துணி உள்ள நல்ல படகு பலூன்போல் வெடிக்காது. ஓட்டை விழுந்தால் காற்று மெல்லக் கசியும். தூண்டில்முள்ளைவிட, திறந்த கத்தியும் நங்கூரத்தின் கொக்கியும் திருக்கையின் வால்முள்ளும்தான் படகுக்குக் கெடுதல். நங்கூரத்தைச் சாக்கில் சுற்றி வையுங்கள். கத்திக்கு உறை போடுங்கள். மீனைப் படகின் தரையில் துள்ளவிடாமல், கைப்பிடி வலையில் எடுத்து நேரே பெட்டிக்குள் இறக்குங்கள்.

படகைவிட உங்கள் கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கடற்கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றின் முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் கரைக்கு வந்து, தோல் வெந்துவிடாத அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் காயத்தை அரைமணி முதல் ஒன்றரை மணிநேரம் வைத்திருந்தால் வலி குறையும். குத்துபட்ட இடம் மரத்திருக்கும் என்பதால், நீரின் சூட்டை மற்றவர் கையால் பார்க்க வேண்டும். பின்னர் மருத்துவரிடம் காட்டுங்கள். தூண்டிலில் அடிக்கடி சிக்கும் பேத்தையை, ஊதிப் பெருக்கும் அந்த மீனை, எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

பொழுதுபோக்காகப் பிடிப்பதற்கும் அனுமதி வேண்டுமா?
– இராமநாதபுரம் வாசகர்

படகை இறக்குமுன் அந்தப் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் நேரில் சென்று கேட்டு, அவர்கள் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடக் கூடாது. துறைமுக எல்லைக்குள்ளும் போகக் கூடாது. பாக் விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது. ஆயினும் மீன்கள் முட்டையிடும் அந்நாட்களில் பொழுதுபோக்குக்காரர் விலகியிருப்பதே நியாயம். கடலாமை சிக்கினால் நரம்பை முள்ளுக்கு மிக அருகில் அறுத்து விடுவியுங்கள். மீனவர்களின் வலை மிதவைகளுக்கு இடையில் புகாதீர்கள். அந்த வலைதான் அவர்களுடைய அன்றைய வருமானம்.

என் கணவர் விடுமுறை நாட்களில் ரப்பர் படகில் மீன்பிடிக்கப் போகிறார். கரையில் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?
– தூத்துக்குடி வாசகி

எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அவர் புறப்படுமுன், எந்தக் கரையிலிருந்து, எந்தத் திசையில், எவ்வளவு தூரம், படகின் நிறம், உடன் செல்பவர், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பல்நிறப் படகு அலைகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாது. செம்மஞ்சள் கொடி கட்டிய கம்பு ஒன்று அதில் நிற்க வேண்டும். உயிர்காப்பு அங்கியை அவர் கரையிலேயே அணிந்து வார்ப்பட்டைகளை மாட்டிக்கொள்வதை உங்கள் கண்ணால் பாருங்கள்; படகில் மடித்து வைத்த அங்கி விழுந்தவருக்கு உதவாது. விசிலும், நீர்புகா உறையில் முழு மின்னேற்றத்துடன் செல்பேசியும், தேவைக்கு மேல் குடிநீரும் இருக்கட்டும்.

சொன்ன நேரத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை இருவரும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். செல்பேசியில் கிடைக்கவில்லை என்றால், முதலில் அந்தக் கரை மீனவர்களிடம் சொல்லுங்கள். எவரைவிடவும் விரைவாகக் கடலில் இறங்குபவர்கள் அவர்கள்தாம். அதே நேரத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும், தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணையும் அழைத்து, தாளில் உள்ளதை அப்படியே படியுங்கள். வீணாக அழைத்துவிட்டோமோ என்று தயங்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே தேடல் தொடங்குவதுதான் முக்கியம். அழைத்த பிறகு அவர் தாமே திரும்பி வந்துவிட்டால், அந்த எண்களுக்கும் மீனவர்களுக்கும் உடனே தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால், அவரைத் தேடிப் போனவர்கள் கடலிலேயே அலைந்துகொண்டிருப்பார்கள்.